பிளாக் ராக்கில் இறங்கிய ஒற்றைக்கை மனிதர்: 1955ஆம் ஆண்டு வெஸ்டர்ன் ஒன்றைப் பற்றி

வேம்படி எழுதியது:

அமெரிக்க மேற்கின் கதை சொல்லும் வெஸ்டர்ன் படங்கள் என்று பேச்செடுத்தாலே ஜான் ஃபோர்டும் செர்ஜியோ லியோனியும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஜான் ஸ்டர்ஜஸ் என்றதும் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்', 'தி கிரேட் எஸ்கேப்' என்று இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த இரண்டுக்கும் முன்னால் அவர் எடுத்த 81 நிமிடப் படம் ஒன்று இருக்கிறது: 'பேட் டே அட் பிளாக் ராக்'. 1955இல் வெளியானது. என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த படம் அதுதான். (முடிவு வரை பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

1945, போர் முடிந்த சமயம். பாலைவனத்தின் நடுவே பத்துப் பன்னிரண்டு கட்டடங்கள் கொண்ட ஓர் ஊர். அங்கே விரைவு ரயில் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்றைக்கு நிற்கிறது. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக மக்ரீடி என்ற முதியவர் இறங்குகிறார். இடது கையை அவர் கோட்டுப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. இவராக நடிப்பவர் ஸ்பென்சர் டிரேசி. மக்ரீடி கேட்பது ஒன்றே ஒன்று: அடோபி ஃப்ளாட்டுக்கு எப்படிப் போவது? அங்கே கொமோகோ என்றொருவர் இருந்தாராமே, அவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி இவ்வளவுதான். அதைக் கேட்டதும் ஊரே இறுகிப்போகிறது. விடுதியில் அறை இல்லை என்கிறான் பொறுப்பாளன். சாவிகளோ பலகையில் தொங்குகின்றன. அவரே ஓர் அறையை எடுத்துக்கொள்கிறார். குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான் ஹெக்டர் என்ற முரடன், லீ மார்வின். இது என் அறை என்று வம்புக்கு இழுக்கிறான். மக்ரீடி சண்டை போடாமல் வேறு அறைக்கு நகர்கிறார்.

முகம் திரிந்து நோக்கினாலே விருந்து குழையும் என்பது நமக்குத் தெரிந்த சொல். இந்தப் படத்தில் அந்தத் திரிந்த முகம்தான் ஆயுதம். முதல் அரை மணி நேரத்தில் அவர் மேல் யாரும் கை வைப்பதில்லை. உட்காரச் சொல்வதும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொல்வதும் இல்லை. எனக்கோ அதைப் பார்க்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. ஏதோ நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது, அவருக்கும் மெல்லத் தெரிகிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது ஊருக்கும் தெரிகிறது. அடுத்த ரயில் மறுநாள்தான். அதுவரை இவரை உயிரோடு விடுவார்களா?

குதிரை இல்லை, செவ்விந்தியர் இல்லை. நாயகன் கையில் துப்பாக்கியே இல்லை. இருந்தும் இதை நான் வெஸ்டர்ன் என்றே சொல்வேன். உங்கள் கருத்து என்ன?

ஒளிவட்டம் எழுதியது:

வேம்படி அண்ணா, இந்த இழைக்காகவே உங்களுக்கு நன்றி.

ஒளிப்பதிவாளர் வில்லியம் சி. மெல்லரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சினிமாஸ்கோப் அப்போது புதிது. 1953இல்தான் வந்தது. அகலத் திரையைப் பெரும்பாலும் படை, கடல், அரண்மனை என்று எதையாவது போட்டு நிரப்பிக்கொண்டிருந்த காலம். ஸ்டர்ஜஸும் மெல்லரும் அதை ஏறக்குறைய காலியாகவே விட்டார்கள். ரயில் பாதையோரம் ஐந்தாறு பேர் நிற்கும் காட்சிகளைப் பாருங்கள். ஒருவன் தூணில் சாய்ந்திருப்பான், ஒருவன் பெஞ்சில், இன்னொருவன் சாலை நடுவில். ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவே அத்தனை இடம் இருக்கும். அந்த இடைவெளியை மக்ரீடி நடந்து கடக்க வேண்டும். யார் அசைகிறார்கள் என்று நாம் திரை முழுவதும் கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்போம். அண்மைக் காட்சி காட்டி இதோ வில்லன் என்று சுட்டும் வேலையே இல்லை. பயத்தை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கைப்பேசியில் பார்க்காதீர்கள் என்று எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை அப்படிப் பார்த்து ஏமாந்தேன். ஊரே எறும்புக் கூட்டம் போலத் தெரிந்தது. பிறகு ஒரு திரையிடலில் பெரிய திரையில் பார்த்தபோது வெயில் முகத்தில் அடித்தது.

நெடுஞ்சாலை எழுதியது:

நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் "ஆகச் சிறந்த" என்ற அடைமொழியை என்னால் ஏற்க முடியாது. மூன்று காரணங்கள் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரேசி 1900இல் பிறந்தவர். படமெடுக்கும்போது 54 வயது. இத்தாலிப் போர்முனையில் கொமோகோவின் மகனான இளம் வீரனோடு ஒரே படைப்பிரிவில் கிடந்து காயப்பட்டவர் என்று நம்பச் சொல்கிறார்கள். தலை நரைத்து, உடல் தளர்ந்து இருக்கிறார்.

அடுத்தது, அந்த ஒப்புதல் காட்சி. முக்கால் படம் வரை ஊமையாக இருந்த ஊர், திடீரென்று விடுதிப் பையன் பீட்டின் வாயால் முழுக் கதையையும் கொட்டுகிறது. ஜப்பானிய விவசாயியான கொமோகோவுக்கு ஊர்ப் பெரிய மனிதன் ஸ்மித் வறண்ட நிலத்தைக் குத்தகைக்கு விட்டது, அவர் 60 அடி தோண்டித் தண்ணீர் கண்டது, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதற்கு மறுநாள் ஸ்மித் படையில் சேரப்போய்த் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது, குடித்துவிட்டுக் கும்பலாகப் போய் வீட்டுக்குத் தீ வைத்தது, உடலில் தீயோடு ஓடிவந்தவரைச் சுட்டது. எல்லாம் ஒரே மூச்சில். அதுவரை காட்சியால் சொன்னவர்கள் இங்கே வாயால் சொல்லிவிட்டார்கள்.

கடைசியாக, இது வெஸ்டர்ன் அல்ல. ஜீப், தொலைபேசி, தந்தி எல்லாம் இருக்கும் ஒரு குற்றப்படம். பாலைவனம் இருந்தால் வெஸ்டர்ன் ஆகிவிடுமா?

வேம்படி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், நெடுஞ்சாலை. ஊருக்குள் வரும் அந்நியன், நிலத்தையும் ஆட்களையும் பிடிக்குள் வைத்திருக்கும் பெரிய மனிதன், குடித்துக்குடித்து முதுகெலும்பை இழந்த ஷெரிஃப், சவப்பெட்டிக்கும் பொறுப்பான ஊர் வைத்தியர். இவர்களை நாம் எத்தனை வெஸ்டர்ன்களில் பார்த்திருக்கிறோம்? 1945இல் நிறுத்திவைத்தார்கள், அவ்வளவுதான். ஷெரிஃபின் நெஞ்சிலிருந்து நட்சத்திரத்தைப் பிடுங்கி ஹெக்டருக்குக் கொடுக்கிறான் ஸ்மித். அந்த ஒரு காட்சி போதும் எனக்கு. சட்டம் யார் கையில் என்பதுதானே வெஸ்டர்னின் ஆதிக் கேள்வி.

ஒப்புதல் காட்சி பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்கே படம் சற்றுக் கால் இடறுகிறது.

வயதைப் பற்றி ஒப்புக்கொள்ள மாட்டேன். உணவகக் காட்சியை நினைத்துப் பாருங்கள். எர்னஸ்ட் போர்க்னைன் யானைக் கன்று போல வந்து நிற்கிறான். மக்ரீடி உட்கார்ந்த இருக்கை தன்னுடையது என்கிறான். அவருடைய கிண்ணத்தில் தக்காளி சாஸைக் கொட்டுகிறான். பாதிப் படத்துக்கு மேல் ஆகிவிட்டது, இவர் இன்னும் ஒருவரையும் தொடவில்லை. இளைஞன் ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் எப்போது அடிப்பான் என்று காத்திருப்போம். இவர் களைத்துப்போன மனிதர். அடிக்க மாட்டார், அவமானத்தை விழுங்கிவிட்டு எழுந்து போய்விடுவார் என்றே நினைக்கிறோம். அதனால்தான் ஒற்றைக் கையின் விளிம்பால் அவர் வெட்டும் முதல் அடி நம்மைத் தூக்கிவாரிப்போடுகிறது. நரை இல்லாவிட்டால் அந்த அடி இல்லை.

கருவிளம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் திரையில் இருப்பதைப் பேசுகிறீர்கள். நான் இல்லாததைப் பற்றிப் பேச வந்தேன்.

ஜப்பானிய அமெரிக்கர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பேசும் இந்தப் படத்தில் ஒரு ஜப்பானிய முகம்கூடக் கிடையாது. கொமோகோ செத்துவிட்டார். மக்ரீடியின் உயிரைக் காப்பாற்றிவிட்டு இத்தாலியில் இறந்த மகன் ஜோவும் இல்லை. ஒரு நிழற்படம்கூட இல்லை. அவர்களுக்காக வெள்ளையர் ஒருவர் வந்து நியாயம் கேட்கிறார். 1955இல் இதுவே துணிச்சல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொமோகோ எங்கே என்று கேட்டால் ஸ்மித் சொல்லும் பொய் நினைவிருக்கிறதா? போர் தொடங்கி மூன்று மாதத்தில் அவரை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்கிறான். பொய்க்கு ஏன் அந்த வலு? ஏனென்றால் முகாம் உண்மை. 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நிர்வாக ஆணை 9066இன்படி சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே இரவில் காணாமல் போனால் அன்றைக்கு யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கொலையை மூடி மறைக்க அரசே ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தது.

இந்தப் படம் எடுக்கப்பட்டது கலிபோர்னியாவில் லோன் பைன் என்ற ஊரை ஒட்டி. அங்கிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில்தான் மான்சனார் இருக்கிறது. 1942 முதல் 1945 வரை பத்தாயிரம் பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்த முகாம். படக்குழு அங்கே போனது 1954இல். முகாம் மூடி ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மக்ரீடிக்குப் பின்னால் நிற்கும் அதே சியரா நெவாடா மலையைத்தான் அந்தப் பத்தாயிரம் பேரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்த பிறகு என்னால் அந்த மலையை வெறும் பின்னணியாகப் பார்க்க முடியவில்லை.

படத்தில் ஒரே ஒரு பெண், லிஸ். அவளுக்கும் சரியாக எழுதவில்லை. ஸ்மித்துக்காக மக்ரீடியைக் காட்டிக்கொடுக்கிறாள். அவனே அவளைச் சுட்டுக் கொல்கிறான். ஏன் அவனை நம்பினாள் என்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

தண்டவாளம் எழுதியது:

கருவிளம் அக்கா சொன்னதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

லோன் பைனும் மான்சனாரும் இருப்பது ஓவன்ஸ் பள்ளத்தாக்கில். 1913இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நீண்ட கால்வாய் வெட்டி அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கொண்டுபோனது. ஓவன்ஸ் ஏரி வறண்டது. விவசாயிகள் வெளியேறினார்கள். மான்சனார் என்பதே ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம். முகாமுக்கு முன்பு அங்கே தோட்டங்களும் ஓர் ஊரும் இருந்தன. நகரம் நிலத்தை வாங்கியது, ஊர் காலியானது.

இப்போது கதையைப் பாருங்கள். தண்ணீரே வராது என்று தெரிந்த நிலத்தைத் தலையில் கட்டுகிறான் ஸ்மித். வந்தவர் 60 அடி தோண்டுகிறார், தண்ணீர் வருகிறது. தேசபக்தி, பேர்ல் ஹார்பர் எல்லாம் அதற்குப் பிறகு போர்த்திக்கொண்ட போர்வைதான். அவனுக்குப் பொறுக்காதது அந்தக் கிணறு. கதாசிரியர்கள் எந்த நிலத்தை மனத்தில் வைத்து எழுதினார்களோ, காமிரா போய் நின்ற நிலம் அதற்கு இப்படிப் பொருந்துகிறது.

குத்தகை என்று சொல்கிறார்களே, அதற்குள்ளும் வரலாறு இருக்கிறது. 1913ஆம் ஆண்டு கலிபோர்னியச் சட்டப்படி ஜப்பானில் பிறந்து குடியேறியவர்கள் அங்கே விளைநிலம் சொந்தமாக வாங்க முடியாது. அமெரிக்கக் குடியுரிமை பெறும் வழியும் 1952 வரை அவர்களுக்கு அடைபட்டே இருந்தது. மகன் அந்த நாட்டுக்காகச் சாகலாம். அப்பா அந்த நாட்டின் குடிமகனாக முடியாது.

எனக்குப் பிடித்த இடம் அடோபி ஃப்ளாட்தான். எரிந்த வீடு, கிணறு, சற்றுத் தள்ளிக் காட்டுப்பூக்கள். மக்ரீடி கிணற்றில் கல்லைப் போட்டுப் பார்க்கிறார், தண்ணீர் இருக்கிறது. பூக்களைப் பார்த்ததும் கீழே ஏதோ புதைக்கப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்கிறார். வசனமே இல்லாத இரண்டு நிமிடத்தில் கொலைக்கான காரணமும் கல்லறையும் நம் கண்முன் வந்துவிடுகின்றன. நெடுஞ்சாலை அவர்களே, பீட் பின்னால் வாயால் சொல்வதைப் படம் இங்கேயே காட்டிவிட்டது.

ஒளிவட்டம் எழுதியது:

நடிகர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஸ்மித் வேடம் ராபர்ட் ரயன். குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, தன் வெறுப்பை ஏதோ ஊர் நலம் போலப் பேசுவார். நிஜ வாழ்க்கையில் மனித உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தவர். லீ மார்வின் 1944இல் சைபான் தீவில் ஜப்பானியப் படையோடு போரிட்டுக் காயம் பட்டவர். போருக்கே போகாமல் வீட்டிலிருந்தபடி ஒரு ஜப்பானிய விவசாயியை எரித்த கும்பலில் ஒருவனாக அவர் நடித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். கட்டிலில் கிடக்கும் அந்த அலட்சியத்தை நான் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன்.

ஆஸ்கர் கதையும் உண்டு. சிறந்த நடிகர் டிரேசி, சிறந்த இயக்குநர் ஸ்டர்ஜஸ், தழுவல் திரைக்கதைக்கு மில்லர்ட் காஃப்மன் என்று மூன்று பரிந்துரைகள். மூன்றையும் 'மார்ட்டி' என்ற ஒரே படம் எடுத்துக்கொண்டது. நடிகர் விருதைப் பெற்றவர் யார்? உணவகத்தில் டிரேசியிடம் அடி வாங்கிய அதே எர்னஸ்ட் போர்க்னைன்! 'மார்ட்டி'யும் நல்ல படம். அதனால் இந்தத் தோல்வியில் எனக்கு வருத்தம் மட்டும்தான், கோபம் இல்லை. டிரேசிக்கு அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

காஃப்மனைப் பற்றி ஒரு வரி. கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கறுப்புப் பட்டியலில் இருந்த திரைக்கதாசிரியர் டால்டன் டிரம்போவால் தன் பெயரில் எழுத முடியாத காலத்தில், 'கன் கிரேஸி' படத்துக்குத் தன் பெயரைக் கொடுத்து உதவியவர் அவர். ஊரே வாயை மூடிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அறிந்த ஆள்தான் இந்தத் திரைக்கதையை எழுதினார்.

நெடுஞ்சாலை எழுதியது:

தண்டவாளம் சொன்ன கிணறும் பூக்களும் என்னை யோசிக்க வைத்துவிட்டன. நேற்று இரவு திரும்பப் பார்த்தேன்.

ஒப்புதல் காட்சி நீளம் என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் முதல் முறை தவறவிட்ட ஒன்று கண்ணில் பட்டது. ரயில் நான்கு ஆண்டுகளாக நிற்கவில்லை என்கிறார்கள். கதை 1945. கொலை நடந்தது 1941. அவரைக் கொன்றதிலிருந்து அந்த ஊரில் ஒரு ரயில்கூட நிற்கவில்லை. இதை யாரும் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. திரைக்கதையில் அப்படியே கிடக்கிறது. இந்தச் சிக்கனத்துக்குத் தலைவணங்குகிறேன்.

வெஸ்டர்னா என்ற கேள்வியில் பாதி தோற்றுவிட்டேன். மீதிப் பாதி என்னிடமே இருக்கட்டும்.

கருவிளம் எழுதியது:

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பதக்கம்.

மக்ரீடி வந்ததே ஜோவின் பதக்கத்தை அப்பாவிடம் கொடுக்கத்தான். அப்பா இல்லை. எல்லாம் முடிந்து அவர் கிளம்பும்போது வைத்தியர் வெலி வந்து, அந்தப் பதக்கம் எங்களுக்கு வேண்டும், இந்த ஊர் எழுந்து நிற்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்கிறார். இவரும் கொடுத்துவிடுகிறார்.

எந்த நியாயத்தில்? அப்பாவைக் கொன்ற ஊர். கொல்லாதவர்களும் நான்கு ஆண்டுகள் வாயைத் திறக்கவில்லை. வெலியே தெரிந்தும் பேசாமல் இருந்தவர்தான். அந்த ஊரின் மன ஆறுதலுக்கு மகனின் பதக்கமா? அந்த முகாம்களுக்காக அமெரிக்க அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது 1988இல்தான். படம் 33 ஆண்டுகளுக்கு முன்பே ஊரை மன்னித்துவிட்டது. மன்னிக்க வேண்டியவர்கள் திரையிலேயே இல்லை.

தண்டவாளம் எழுதியது:

அக்கா, நான் அதை மன்னிப்பாகப் பார்க்கவில்லை. கொமோகோ அந்த ஊரில் இருந்ததற்கான அடையாளம் எதுவுமே மிஞ்சவில்லை. வீடு சாம்பல், கல்லறைக்குப் பெயர் இல்லை. மக்ரீடி பதக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பெயரும் அவரோடு ரயிலேறிப் போயிருக்கும். இப்போது பெயர் அங்கே இருக்கிறது. பார்க்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

கருவிளம் எழுதியது:

நல்ல வாதம். ஆனால் பதில் சொல்வார்கள் என்பதற்குப் படத்தில் எந்த உறுதியும் இல்லையே.

வேம்படி எழுதியது:

இல்லைதான். சில ஊர்கள் மீளும், சில மீளாது என்ற பொருளில்தான் மக்ரீடியும் வெலியிடம் சொல்கிறார். கொடுக்கும்போது அவருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

கருவிளம், உங்கள் கேள்வியோடு கடைசி மூன்று நிமிடங்களை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். மாநிலக் காவலர்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் மற்றவர்கள் நிற்கிறார்கள். மக்ரீடியிடம் வந்து பேசுபவர் வெலி ஒருவர்தான். வேறு யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. முதல் காட்சியில் அவரை வரவேற்காத ஊர், கடைசியில் வழியனுப்பவும் இல்லை. பதக்கம் வேண்டும் என்று கேட்டது ஊரா, வெலி என்ற ஒற்றை மனிதரா? இத்தனை முறை பார்த்தும் இது எனக்குத் தோன்றியதில்லை. நீங்கள் கேட்டிராவிட்டால் இனியும் தோன்றியிருக்காது.

ரயில் நிற்கிறது. நான்கு ஆண்டுகளில் இங்கே நிற்பது இதுதான் முதல் தடவை என்கிறார் நடத்துநர். இரண்டாவது தடவை என்று திருத்திவிட்டு ஏறிக்கொள்கிறார் மக்ரீடி. அப்போதும் இடது கை கோட்டுப் பைக்குள்தான் இருக்கிறது.